கோச்சுக்குக் காசு கட்டுவதற்கு முன்

போன மழைக்காலத்தில் ஓர் இளைஞர் வெள்ளவத்தையில் உள்ள என் அறைக்கு ஒரு கொப்பியுடன் வந்தார். வங்கி வேலை, நல்ல சம்பளம், இருபத்தொன்பது வயது. (இங்கே சொல்லப்படும் எல்லோருடைய அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.) உட்கார்ந்ததும் கொப்பியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "மிஸ், லைஃப் கோச் ஒருவரிடம் பன்னிரண்டு கிழமைக்குப் பணம் கட்டினேன். ஏழு கிழமை முடிந்துவிட்டது. தந்த வேலை ஒன்றையும் ஒழுங்காகச் செய்யவில்லை. நான் சோம்பேறியா, இல்லை எனக்கு ஏதாவது வருத்தமா?"

(லைஃப் கோச் என்பவர், வாழ்க்கையிலோ வேலையிலோ நாம் வைத்த இலக்கை எட்டக் கூட இருந்து பயிற்சி தருகிறவர்.) கொப்பியைப் புரட்டினேன். காலை ஐந்து மணிக்கு எழும்புதல், நன்றி சொல்ல வேண்டிய மூன்று விடயங்கள், ஐந்து வருடங்களில் எங்கே இருப்பேன் என்ற வரைபடம். பெட்டிகளில் அரைவாசி வெறுமையாகக் கிடந்தன. ஒரு பக்கத்தின் மேலே அவரே சிவப்புப் பேனையால் 'சாக்குச் சொல்லாதே' என்று எழுதியிருந்தார்.

எத்தனை மணிக்கு உறங்குகிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு, மூன்று மணியாகும் என்றார். எப்போதிருந்து? எட்டு மாதமாக. எட்டு மாதங்களுக்கு முன் அவருடைய அப்பா இறந்திருந்தார். அந்தியேட்டி முடிந்த மறுநாளே வேலைக்குப் போனவர் அவர். இந்தச் செய்தி அந்தக் கொப்பியில் எங்கும் இல்லை. கோச் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

நான் உளவளத்துணையாளர். அதனால் கோச்மாரை எனக்குப் பிடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்காளராக இருந்த ஒரு பெண்ணை நானே ஒரு கோச்சிடம் அனுப்பியிருக்கிறேன். முப்பது பேருக்குத் தலைவியாகும் பதவி உயர்வு வந்திருந்தது. ஆனால் எல்லா வேலையையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்வார், 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. நன்றாக உறங்கினார், நன்றாகச் சாப்பிட்டார், பகிடி விட்டுச் சிரித்தார். என்னிடம் இருந்திருந்தால் நான் அவருடைய சிறுவயதைத் தோண்டிக்கொண்டிருந்திருப்பேன், அதற்குத் தேவையே இருக்கவில்லை. கோச் அவருடன் ஆறு தடவை உட்கார்ந்தார். அடுத்த நாள் மேலாளரிடம் பேசப்போவதை முதல் நாளே பேசிப் பார்க்க வைத்தார். ஒவ்வொரு கிழமையும் ஒரு வேலையை இன்னொருவர் கையில் கொடுக்கச் செய்தார். விடயம் முடிந்தது.

இருவருக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தது, அதைச் செய்யும் தெம்பும் இருந்தது. வழக்கம் மட்டும்தான் குறுக்கே நின்றது. இளைஞருக்குத் தெம்பே இல்லை. கால் முறிந்தவரை ஓட்டப் பயிற்சியில் சேர்த்தால் கால் குணமாகாது. அதோடு, ஓட முடியாத வெட்கமும் சேர்ந்துகொள்ளும். என்னிடம் பிந்தி வருகிறவர்களிடம் நான் அதிகம் காண்பது அந்த வெட்கத்தைத்தான்.

ஆகவே, கோச் நல்லவரா என்று விசாரிக்க முன் உங்களையே விசாரியுங்கள். இரண்டு கிழமைக்கு மேல், நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்து கிடக்கிறதா? முன்பு பிடித்தவை இப்போது பிடிக்கவில்லையா? உறக்கமோ பசியோ தலைகீழாகிவிட்டதா? செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வந்து போகிறதா? இவற்றுக்கு 'ஆம்' என்றால் கோச்சை ஒத்திவைத்துவிட்டு முதலில் ஒரு மருத்துவரிடம் போங்கள். 'எதிலும் ஊக்கம் இல்லை' என்று வந்த ஓர் ஆசிரியைக்கு இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னேன், தைராய்ட் சுரப்பு குறைந்திருந்தது. தைராய்ட் குறைவும் இரத்தசோகையும் சோம்பலைப் போலவே நடிக்கும். அவற்றுக்கு மாத்திரை உண்டு, மந்திரம் தேவையில்லை.

மனநல வைத்தியசாலை இருக்கிறது என்பதற்காக அங்கொடை என்ற ஊர்ப் பெயரையே நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அதனால்தான் மனநல மருத்துவரிடம் போகக் கூசுகிறவர்கள் 'கோச்' என்ற பளபளப்பான சொல்லுக்குள் ஒதுங்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கோச்சிடம் போனேன் என்று அலுவலகத்தில் சொல்லலாம், கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். ஆனால் பெரிய அரச வைத்தியசாலைகளில் மனநலக் கிளினிக் உண்டு, கட்டணமும் இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை இரவிலும் அழைக்கலாம். 1333 என்ற உளவளத்துணை இலக்கத்திலும் பேசலாம். கொழும்பு ஹோர்ட்டன் பிளேசில் உள்ள சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பில் நீங்கள் சொல்வதைத் தீர்ப்புக் கூறாமல் கேட்பார்கள்.

இன்னொரு வகையினரும் வருகிறார்கள். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் வரிசைகளுக்கும் மின்வெட்டுக்கும் பிறகு, 'கனடாவா, அவுஸ்திரேலியாவா, இங்கேயேயா' என்று குழம்பியவர்கள் கூடிவிட்டார்கள். 'எனக்குத் தெளிவு வேண்டும்' என்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தேவைப்படுவது தகவல்தான்: விசா விதிகள், வீட்டுக் கடன் மீதி, அம்மாவை யார் பார்ப்பது என்ற பேச்சு. விசாவுக்கான புள்ளிக் கணக்கைக் கோச்சால் கூட்டிக் கொடுக்க முடியாது. தகவல் கையில் வந்தபின்னும் முடிவெடுக்க முடியாமல் நின்றால், அப்போது அவரிடம் போவதில் பொருள் உண்டு.

இனி, ஆளைத் தேர்வது. இலங்கையில் மருத்துவராக வேலை செய்ய மருத்துவ சபையில் பதிய வேண்டும். சட்டத்தரணி உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்திருக்க வேண்டும். லைஃப் கோச் என்று பெயர்ப்பலகை மாட்ட அப்படி எதுவும் வேண்டியதில்லை, இன்று மாலையே மாட்டலாம். (என் தொழிலிலும் நிலைமை பெருமைப்படும்படி இல்லை. என்னிடமும் தகைமையைக் கேளுங்கள், கோபிக்க மாட்டேன்.) சட்டம் இல்லாத இடத்தில் ஓரளவு கைகொடுப்பது 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் சம்மேளனம், சுருக்கமாக ஐ.சி.எஃப். அது மூன்று படிகளில் சான்றிதழ் தருகிறது. முதற்படியான ஏ.சி.சி. என்றால் குறைந்தது 60 மணிநேரப் பயிற்சியும் 100 மணிநேரம் கோச்சிங் செய்த அனுபவமும். பி.சி.சி.க்கு 125 மணிநேரமும் 500 மணிநேரமும். எம்.சி.சி.க்கு 200 மணிநேரமும் 2,500 மணிநேரமும். சான்றிதழ் உண்மையா என்று அதன் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். சான்றிதழ் இருந்தால் அந்த ஆள் உங்களுக்குப் பொருந்துவார் என்று அர்த்தமில்லை. ஆனால் இரண்டு நாள் பட்டறையில் வாங்கிய அட்டையையும் இதையும் பிரித்தறிய உதவும்.

முதல் தொலைபேசிப் பேச்சில் நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: "எப்படிப்பட்டவரை நீங்கள் ஏற்க மாட்டீர்கள்?" நல்ல கோச்சுக்கு உடனே பதில் வரும். இதை நான் செய்வதில்லை, அப்படியானவரை மருத்துவரிடம் அனுப்புவேன் என்பார். எல்லோரையும் மாற்றிவிடுவேன் என்கிறவரிடம் நன்றி சொல்லிவிட்டுத் தொலைபேசியை வையுங்கள். இன்றிரவுக்குள் கட்டினால் அரைவிலை என்று நெருக்குகிறவரிடம் நன்றியும் வேண்டாம். மூன்றாம் கிழமையே 'நீங்களும் கோச் ஆகலாம், பயிற்சிக்குச் சேருங்கள்' என்று சொல்லும் இடங்களும் உண்டு. அங்கே உங்கள் பிரச்சினை சரக்கு, நீங்கள் அடுத்த விற்பனையாளர்.

இரகசியம் பற்றித் தயங்காமல் கேளுங்கள். வெள்ளவத்தையில் காலி வீதியின் இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் 'நூறு' என்று வாழ்த்துவார்கள், அவ்வளவு சிறிய உலகம் இது. உங்கள் கதை, பெயரில்லாமல்கூட, அவருடைய முகநூலில் வெற்றிக் கதையாக வருமா? வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்களுக்கு முன் பேச வேண்டுமா? இடையில் நிறுத்தினால் மிச்சப் பணம் திரும்புமா? பதில்களை எழுத்தில் வாங்குங்கள், பற்றுச்சீட்டையும்.

மொழியும் முக்கியம். கோபம் தமிழில் வருகிற ஒருவர் ஆங்கிலத்தில் பேசும்போது திடீரென்று நல்ல பிள்ளையாகிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மொழி ஒன்றாக இருந்தாலும் வீடு தெரியாத ஆலோசனை உதவாது. கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில், இரண்டு அறைகளில், அம்மாவுடனும் திருமணமாகாத இரண்டு தங்கைகளுடனும் வாழ்கிறவரிடம் 'உங்களுக்கென்று ஓர் இடத்தை ஒதுக்குங்கள்' என்றால் அவர் எங்கே ஒதுக்குவார், குளியலறையிலா?

பெற்றோருக்கும் ஒரு சொல். "மகனுக்கு ஒரு நல்ல கோச் சொல்லுங்கள் மிஸ், பணம் நான் கட்டுகிறேன்" என்று ஒரு தாய் அழைத்தார். மகனுக்கு முப்பத்திரண்டு வயது. அவர் கேட்டாரா என்றேன். "அவனுக்கு இன்னும் தெரியாது" என்றார். கேட்காதவருக்குக் கோச்சிங் செய்ய முடியாது, அந்தப் பணத்தைச் சேமித்து வையுங்கள் என்றேன். அவர் அதை விரும்பவில்லை.

கொப்பியுடன் வந்த இளைஞர் இப்போது மருத்துவர் ஒருவரையும் பார்க்கிறார், என்னிடமும் வருகிறார். அப்பாவின் இழப்பைக் கோச்சிடம் அவரே போய்ச் சொன்னார். அந்த மனிதர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, முதல் நாளே தான் கேட்டிருக்க வேண்டும் என்றாராம். மீதி ஐந்து கிழமைக்கான பணத்தைத் திருப்பித் தரவா, எடுத்து வைக்கவா என்று கேட்டிருக்கிறார். எடுத்து வையுங்கள் என்று இவர் சொல்லியிருக்கிறார். போன கிழமை வந்தபோது, ஆறு மணிநேரம் உறங்கினேன் என்றார். கொப்பி கொண்டுவரவில்லை.