இட்லிப்பூ என்கிற வெட்சி

வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ யாரைக் கேட்டாலும் இதன் பெயர் இட்லிப்பூ. செடி வாங்க மாதவரம் பக்கம் நர்சரிக்குப் போனால் அதுவே 'இக்சோரா' ஆகிவிடும். இதற்கு வெட்சி என்று சங்க காலத்திலிருந்தே தமிழில் பெயர் உண்டு.

'இக்சோரா காக்சினியா' லின்னேயஸ் 1753-இல் பதிந்த பெயர். ஈசுவரன் என்ற சொல்தான் ஐரோப்பியர் வாயில் இக்சோரா ஆனது. காக்சினியா என்றால் லத்தீனில் செஞ்சிவப்பு. காபிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தென்னிந்தியா, இலங்கைக் காடுகளில் தானாக வளரும்.

கொத்து உப்பிக் குவிந்திருப்பதால் இட்லிப்பூ. கொத்திலிருந்து ஒரு பூவை உருவிப் பாருங்கள்: நான்கே இதழ், கீழே ஊசி மாதிரி நீண்ட குழல். அடியைக் கிள்ளி உள்ளே இருக்கும் நரம்பை மெல்ல இழுத்தால் துளித் தேன் வரும். பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, வெட்சிக்கு வருவோம். போருக்கு முன்பு பகைவர் நாட்டு மாடுகளைக் கவர்ந்து வரப் போகிறவர்கள் சூடிய பூ இது. அதனால் அந்தச் செயலுக்கே வெட்சி என்று பெயர். மீட்கப் போகிறவர்கள் சூடுவது கரந்தை. 'வெட்சி தானே குறிஞ்சியது புறனே' என்கிறது தொல்காப்பியம். அகத்தில் குறிஞ்சிக்கு இணையாகப் புறத்தில் வெட்சி. கபிலரும் குறிஞ்சிப்பாட்டின் பூ வரிசையில் 'குறிஞ்சி வெட்சி' என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைக்கிறார். அப்புறம், முருகனைச் 'செச்சைக் கண்ணியன்' என்கிறது திருமுருகாற்றுப்படை. செச்சை என்பதும் வெட்சிதான்; கண்ணி என்றால் தலையில் சூடும் மாலை. மலையாளத்தில் இன்றும் தெச்சி, செத்தி என்றே வழங்குகிறார்கள். பக்கத்து வீட்டில் பேச்சு வழக்கிலேயே இருப்பதை நாம் பாடப்புத்தகத்தோடு விட்டுவிட்டது எனக்கு வருத்தம்தான்.

இட்லிப்பூ என்ற பெயரைக் கைவிடச் சொல்லவில்லை. அது மக்கள் ஆசையாக வைத்த பெயர். பேச்சில் அப்படியே இருக்கட்டும். நர்சரிப் பலகையிலும் பள்ளித் தோட்டத்திலும் இக்சோரா இருக்கும் இடத்தில் வெட்சி என்று எழுதலாம். இப்போது கிடைக்கும் மற்ற நிறங்களை மஞ்சள் வெட்சி, வெள்ளை வெட்சி என்று சொன்னால் போதும். வெறுமனே வெட்சி என்றால் சிவப்பு.