புற்றுநோய்க்கு ஏது எதிர்மறை?

'மும்மை எதிர்மறை மார்பகப் புற்றுநோய்'. ஆங்கிலத்தின் 'டிரிபிள் நெகட்டிவ்': ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி (ஏற்பி என்பது ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் செல்லின் புரதம்), ஹெர்-2 என்ற இன்னொரு புரதம், இந்த மூன்றின் சோதனையும் 'நெகட்டிவ்' என்று வந்த நோய். இந்தத் தொடரை இன்னொரு முறை படித்தாயிற்று. இந்தத் தடவை மூத்த பெண்களுக்காக எழுதப்பட்ட விழிப்புணர்வுக் கட்டுரை ஒன்றில். அதற்கு இரண்டு பத்தி மேலே 'ஈஸ்ட்ரோஜன் ஏற்பி நேர்மறை' வேறு. எதிர்மறை என்றதும் இன்றைக்கு நம்மில் பலருக்கு நினைவு வருவது 'எதிர்மறை எண்ணங்கள்'. அப்படிப் பார்த்தால் இது மூன்று மடங்கு அவநம்பிக்கை பிடித்த புற்றுநோய்!

சொல்லின் பூர்வீகத்தைச் சட்டென்று முடித்துவிடலாம். 'நெகட்டிவ்' இலத்தீன் 'நெகாரே'யிலிருந்து வந்தது: இல்லை என்பது, மறுப்பது. 'பாசிட்டிவ்' அதே மொழியின் 'போனெரே'யிலிருந்து: இடுவது, வைப்பது. ஆக, இல்லாதது ஒன்று, இட்டு வைத்தது மற்றொன்று. தமிழில் இதற்கு உண்டு, இல்லை என்ற இரண்டு சொற்கள் குழந்தைக்கும் தெரியும். தெரிந்ததாலேயே மொழிபெயர்ப்பாளர்களுக்கு அவை கலைச்சொல்லாகப் படவில்லை போலும்.

'நேர்மறை'யில் எனக்குள்ள சண்டை பழையது. இலக்கணத்தில் 'மறை' என்றாலே இல்லை என்பதுதான். உண்ணான், வாரான், செய்யாத என்பவை எதிர்மறை. அதற்கு மறுபக்கத்துக்கு இலக்கணக்காரர்கள் வைத்த பெயர் உடன்பாடு. அதை மறந்துவிட்டு, 'எதிர்' இருந்தால் 'நேர்' இருக்கத்தானே வேண்டும் என்று யாரோ ஒட்டவைத்தது 'நேர்மறை'. பிரித்துப் பார்த்தால் 'நேராகவே இல்லை என்பது' என்றுதான் பொருள் வரும். சரி, வழக்கில் ஊன்றிவிட்டது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்களிடமிருந்து அதைப் பிடுங்க நான் கிளம்பவில்லை. ஆய்வக அறிக்கைக்குள் அது நுழையும்போதுதான் பொறுக்கவில்லை.

'ஒரே சொல்லுக்கு ஒரே நிகர் வேண்டாமா, சீர்மை கெடாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் ஆங்கிலத்தின் ஒரு சொல் பத்து வேலை பார்க்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒன்றே பத்தையும் சுமக்க வேண்டுமா? கணக்குப் பாடத்தில் மிகை முழு, குறை முழு என்கிறோம். இயற்பியலில் நேர்மின்னூட்டம் என்கிறோம். இலக்கணத்தில் உடன்பாடு. எவரும் குழம்பவில்லை. 2020-இல் கொரோனா வந்தபோது நாளிதழ்கள் 'தொற்று உறுதி' என்று எழுதின. 'தொற்று நேர்மறை' என்று எழுதியிருந்தால் யாருக்குப் புரிந்திருக்கும்? 'எச்.ஐ.வி. உள்ளோர்' என்ற அழகான, மரியாதையான தொடர் அதற்கும் முன்பிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. வழி தெரிந்துதான் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் என்றதும் ஏன் மறந்துபோகிறது?

இங்கே சோதிப்பது என்ன என்று பார்த்தால் சொல் தானாக வரும். கட்டியிலிருந்து எடுத்த மெல்லிய திசுச் சீவலில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளை விடுகிறார்கள். ஏற்பி இருக்கும் உட்கருக்களில் பழுப்பு நிறம் ஏறும். இல்லாதவை நீலமாகவே நிற்கும். நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பழுப்பு என்று மதிப்பிடுகிறார். 1 சதவீதம் இருந்தாலே பாசிட்டிவ். இதில் நேர் எங்கே, எதிர் எங்கே? ஏற்பி உண்டா, இல்லையா, அவ்வளவுதான்.

இது வெறும் சொற்சண்டை இல்லை. முதிய பெண்கள் விஷயத்தில் இந்தக் குழப்பம் ஆளையே கலங்கடிக்கும். மேலைநாட்டுத் தரவுகளில் 65 வயதைத் தாண்டியவர்களின் மார்பகக் கட்டிகளில் ஐந்தில் நான்குக்குக் குறையாமல் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறது. ஹெர்-2 புரதம் மிகுந்திருப்பது குறைவு. செல் பெருகும் வேகத்தைக் காட்டும் கி-67 பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். அதாவது 75 வயதுப் பாட்டியின் அறிக்கையில் பாசிட்டிவ் என்று வருவது பல நேரம் நல்ல செய்தி: லெட்ரோசோல் போன்ற மாத்திரை வேலை செய்ய வாய்ப்பு அதிகம். மாதவிடாய் நின்று கால் நூற்றாண்டு ஆனவருக்கு ஈஸ்ட்ரோஜன் ஏது என்று கேட்பார்கள். கொழுப்புத் திசுவில் அரோமட்டேஸ் என்ற நொதி அதைத் தொடர்ந்து உண்டாக்குகிறது. அந்த நொதியைத்தான் மாத்திரை தடுக்கிறது. அமெரிக்காவில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 636 பெண்களிடம் நடந்த ஆய்வொன்றில், ஏற்பி உள்ள சிறிய கட்டியை அகற்றிவிட்டு, ஈஸ்ட்ரோஜனை ஏற்பியில் ஒட்டவிடாமல் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை கொடுத்தவர்களுக்குக் கதிர்வீச்சைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை. கதிர்வீச்சு இல்லாதவர்களுக்கு அதே பக்கத்து மார்பிலோ அக்குளிலோ நோய் திரும்புவது மட்டும் கூடுதல்: பத்தாண்டில் சுமார் 10 சதவீதம், மற்றவர்களுக்கு 2. இந்தக் கணக்கெல்லாம் 'ஏற்பி உண்டு' என்பதை நம்பித்தான் நிற்கிறது.

ஆனால் வீட்டில் என்ன கேட்கிறது? கொரோனாவுக்கு அப்புறம் பாசிட்டிவ் என்றால் நோய், நெகட்டிவ் என்றால் தப்பித்தோம். "மூணுமே நெகட்டிவ்னு போட்டிருக்கே, அப்ப அம்மாவுக்கு ஒண்ணுமில்லதானே டாக்டர்?" என்று மகன் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. பிடித்துக்கொள்ள மாத்திரைக்கு ஒரு கொக்கிகூட இல்லை, கீமோதெரபியை இந்த வயதில் தாங்குவாரா என்று பார்க்க வேண்டும் என்பதுதான் அந்த வரியின் பொருள். இதை 'மும்மை எதிர்மறை' விளக்கிவிடுமா? மும்மை என்பதும் இடிக்கிறது. இம்மை, மறுமை என்று எங்கோ இழுக்கிறது.

என் பரிந்துரை எளிது. 'ஏற்பி உள்ள', 'ஏற்பி இல்லாத' மார்பகப் புற்றுநோய். கலைச்சொல்லாகச் சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால், முதுகெலும்பிலி என்று சொல்லிப் பழகிய நமக்கு 'ஏற்பியிலி' கடினம் இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் 'இல்லை' போதாது. ஹெர்-2 நலமான செல்லிலும் கொஞ்சம் இருக்கும். அளவுக்கு மீறிக் குவிந்திருக்கிறதா என்பதே கேள்வி. 0, 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ், 2+ என்றால் மரபணுவையே எண்ணிப் பார்க்க அடுத்த சோதனை. அதனால் இங்கே 'மிகுந்தது', 'மிகாதது' என்றுதான் சொல்ல வேண்டும். 2022 முதல் இது இன்னும் முக்கியம். முற்றிய நோயில், நெகட்டிவ் என்று ஒதுக்கப்பட்டவர்களிலேயே கொஞ்சம் ஹெர்-2 உள்ளவர்களுக்கென்று ஒரு மருந்து வந்துவிட்டது. 'எதிர்மறை' என்று எழுதி வைத்தவர்கள் இப்போது 'ஹெர்-2 குறை எதிர்மறை' என்று எழுதுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு முறையீடும் பாக்கி. ஆங்கிலத்தில் 'பயோமார்க்கர்' எனப்படும் இந்த அடையாளங்கள் அனைத்துக்கும் 'உயிரியல் குறிப்பான்கள்' என்று எழுதுகிறார்கள். உயிரியல் ஒரு பாடம்; பாட்டியின் கட்டியில் பாடம் எதுவும் இல்லை. உயிர்க்குறிப்பான் போதும். சிலர் எழுதும் 'உயிர்க்குறியீடு' அதைவிட மோசம், குறியீடு என்பது நாம் வைப்பது. இது கட்டியிலேயே இருப்பது.

அறிக்கையின் கீழே தமிழில் இப்படி ஒரு வரி போட்டால் போதும்: 'ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டு (90%), புரோஜெஸ்டிரோன் ஏற்பி உண்டு (60%), ஹெர்-2 மிகவில்லை (1+), கி-67 8%.' சதவீதத்தை விட்டுவிடக் கூடாது. 3 சதவீதமும் 'உண்டு'தான், 90-உம் 'உண்டு'தான். மாத்திரை இரண்டிலும் ஒரே மாதிரி கேட்காது.