வளைந்த திரைத் தொலைக்காட்சி நம் வீட்டுக்கு ஏற்றதா?

காரிமங்கலத்துக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து ஒரு குடும்பத்தார் சென்ற வாரம் 55 அங்குல வளைந்த திரைத் தொலைக்காட்சி ஒன்றைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி, தருமபுரியில் உள்ள எங்கள் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுவந்தனர். பெங்களூரில் அடுக்குமாடி வீட்டைக் காலி செய்த ஒருவரிடம், இணைய விளம்பரத்தைப் பார்த்து, குறைந்த விலைக்கு வாங்கியது அது. ஓசூர் வழியாகக் கொண்டுவரும்போது, பத்திரமாக இருக்கட்டும் என்று மெத்தையின் மேல் முகம் குப்புறப் படுக்கவைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மின் இணைப்புக் கொடுத்ததும், திரையின் நடுவிலிருந்து நாற்புறமும் கீற்றுகள் ஓடிப் பாதித் திரை கருத்துவிட்டது. மகளின் சீர்வரிசையில் வைப்பதற்காக வாங்கியது என்று அந்த அம்மா சொன்னார். அந்த மாடலுக்கு இப்போது பேனல், அதாவது படம் காட்டும் திரைப் பகுதி, கிடைப்பதில்லை என்ற பதிலைத் தவிர அவருக்குத் தர என்னிடம் வேறொன்றும் இல்லை.

இதே பதிலை அரூர்க்காரருக்கும் பர்கூர்க்காரருக்கும் காவேரிப்பட்டணத்துக்காரருக்கும் முன்பே சொல்லியிருக்கிறேன். பணம் கொடுத்த பிறகு கேட்பதைவிட, கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் இதை எழுதுகிறேன்.

வளைந்த திரை புதிய தொழில்நுட்பம் என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாம்சங், எல்.ஜி. ஆகிய இரு நிறுவனங்களும் 2013-ஆம் ஆண்டில், ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓ.எல்.இ.டி. வகையில் வளைந்த தொலைக்காட்சிகளை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தன. அடுத்த ஆண்டிலிருந்து, திரைக்குப் பின்னால் விளக்கு எரியும் எல்.இ.டி. வகையிலும் அவை பரவின. சில ஆண்டுகளுக்குள்ளாகவே அந்நிறுவனங்கள் தங்கள் முதன்மை மாடல்களைத் தட்டைத் திரைக்கே திருப்பிவிட்டன. அப்போது அதிக விலை கொடுத்து வாங்கிய பெருநகரத்துக் குடும்பங்கள் இப்போது அவற்றைக் கழிக்கின்றன. கழிபவற்றில் ஒரு பகுதி கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டி, தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களுக்கும் வந்துசேர்கிறது. விலை குறைவு, பார்க்க மிடுக்கு, பெரிய நிறுவனத்தின் பெயர் என்று மூன்றும் சேரும்போது வாங்குபவர் மயங்குவது இயல்பே.

ஆனால் அந்த மயக்கத்துக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. “வளைந்திருந்தால் தியேட்டரில் பார்ப்பது போலவே இருக்கும், கண்ணுக்கும் நல்லது, எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நன்றாகத் தெரியும்” என்பதே அது. இம்மூன்றும் தவறு. கடையில் நின்றுகொண்டு இதை விளக்க முடிவதில்லை என்பதால் இங்கே பொறுமையாகச் சொல்கிறேன்.

ஒரு வளைவு என்றால் அதற்கு ஒரு மையம் உண்டு. வீட்டுத் தொலைக்காட்சிகளில் பரவலாக இருந்த வளைவின் ஆரம் 4200 மில்லிமீட்டர். அதாவது, திரையின் நேர் நடுவில், ஏறத்தாழ 14 அடி தள்ளி உட்காரும் ஒருவருக்குத்தான் திரையின் எல்லாப் பகுதிகளும் சம தொலைவில் இருக்கும். நம் வீட்டுக் கூடங்கள் பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அல்லது பத்துக்குப் பதினான்கு அடி அளவில்தான் இருக்கின்றன. சுவரையொட்டிச் சாய்ந்து உட்கார்ந்தாலும் அந்த மையத்தை எட்டுவது அரிது. எட்டினாலும் அந்த இடத்தில் ஒருவர்தான் உட்கார முடியும்.

சரி, அந்த வளைவு எவ்வளவு ஆழம் என்று யாராவது அளந்து பார்த்ததுண்டா? 55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர். 4200 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைக்கும்போது அதன் இரு ஓரங்களும் நடுப்பகுதியைவிட நான்கரை சென்டிமீட்டர் அளவுக்கே முன்னால் வருகின்றன. பத்து அடி தள்ளி உட்கார்ந்து ஒரு தட்டைத் திரையைப் பார்த்தால், நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் உள்ள தொலைவு வேறுபாடு சுமார் ஆறு சென்டிமீட்டர். மொத்தத் தொலைவில் அது நூற்றுக்கு இரண்டு பங்கு. எந்தக் கண்ணும் அதைக் குறையாக உணராது. இல்லாத ஒரு குறையைத் தீர்ப்பதற்காக வளைத்தார்கள் என்பதே உண்மை.

தியேட்டர் திரையை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. 1952-இல் அமெரிக்காவில் அறிமுகமான சினரமா முறையில் திரை 146 பாகை அளவுக்கு வளைந்திருந்தது; பார்வையாளரின் பக்கவாட்டுப் பார்வையையும் அது நிரப்பியது. அந்த உணர்வைத் தந்தது வளைவோடு சேர்ந்த அந்தப் பிரம்மாண்டமான அகலம். வீட்டில் பத்து அடி தொலைவிலிருந்து பார்க்கும் 55 அங்குலத் திரை, நம் பார்வைக்குள் 23 பாகையைத்தான் பிடிக்கிறது. 23 பாகையில் தியேட்டரை எதிர்பார்க்க வேண்டாம். கணினித் திரைகளில் வளைவு பொருந்துவது வேறு காரணத்தால்: அங்கே ஒருவர் மட்டும், இரண்டு இரண்டரை அடி தொலைவில், நேர் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். ஓசூரில் மென்பொருள் வேலை பார்க்கும் பிள்ளைகள் தங்கள் மேசையில் வளைந்த மானிட்டர் வைத்துக்கொள்வதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.

வீட்டுக் கூடத்தில் நடப்பது வேறு. பெரியவர் கட்டிலில் ஓரமாகப் படுத்திருப்பார். பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பார்கள். அம்மா சமையலறை வாசற்படியில் நின்றபடி பார்ப்பார். பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு, அவர் பக்கத்து ஓரம் அவரை விட்டு விலகித் திரும்பியிருப்பதால் அந்தப் பகுதியின் படம் குறுகித் தெரியும். தரையிலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்குத் திரையின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் கோணித் தெரியும். ஓடும் செய்தி வரியும் அப்படியே. இதற்கு மேல், இத்தகைய எல்.இ.டி. திரைகளில் பல, பக்கவாட்டில் நிறம் வெளிறும் ‘வி.ஏ.’ வகைப் பேனலைக் கொண்டவை. எல்லோருக்கும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கிய பொருள், ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் சற்றுக் கெட்டுத் தெரிகிறது.

எதிர்ச் சுவரில் இருக்கும் சன்னலையும் டியூப் லைட்டையும் மறந்துவிட வேண்டாம். தட்டைத் திரையில் ஓரிடத்தில் மட்டும் தெரியும் பிரதிபலிப்பு, வளைந்த திரையில் அகலவாக்கில் இழுபட்டு நீண்ட பட்டையாகத் தெரியும். பகலில் கதவைத் திறந்து வைத்துப் பார்க்கும் வீடுகளுக்கு இது பெரும் தொல்லை.

கண் நலத்துக்கும் வளைவுக்கும் தொடர்பில்லை. இருட்டறையில் முழு வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதும், மிக நெருங்கி உட்காருவதும், இமைக்காமல் மணிக்கணக்கில் பார்ப்பதும்தான் கண்ணைக் களைப்பாக்குகின்றன. அறையில் ஒரு சிறு விளக்கை எரியவிட்டு, தொலைக்காட்சியின் பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கை, பாதி அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். கண்ணுக்கும் இதம், பேக்லைட் பட்டைகளும் கூடுதல் காலம் உழைக்கும். கடையில் காட்சிக்கு வைக்கும்போது கூட்டி வைத்த வெளிச்சத்தை வீட்டிலும் அப்படியே விட்டுவிடுவதால்தான், “சத்தம் வருகிறது, படம் வரவில்லை” என்ற புகாருடன் பல தொலைக்காட்சிகள் எங்களிடம் வருகின்றன.

அந்தப் புகாருடன் வருவது வளைந்த திரையாக இருந்தால் எங்களுக்கே கை நடுங்கும். எல்.இ.டி. தொலைக்காட்சிக்குள் இருக்கும் எல்.சி.டி. கண்ணாடி தட்டையாகத்தான் தயாராகிறது. அந்த மெல்லிய கண்ணாடியை வளைத்து, சட்டத்துக்குள் அந்த நிலையிலேயே பிடித்து நிறுத்துகிறார்கள். எனவே அது எப்போதும் ஓர் இறுக்கத்திலேயே இருக்கிறது. பேக்லைட் மாற்றச் சட்டத்தைக் கழற்றும்போது கண்ணாடி மறுபடி நிமிர முயலும். சற்றுப் பிசகினாலும் உடையும். தட்டைத் திரையில் வழக்கமாகச் செய்யும் வேலை, இங்கே வாடிக்கையாளரிடம் எழுதி வாங்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலையாகிறது. செய்யவே மறுக்கும் மெக்கானிக்குகளை நான் குறை சொல்ல மாட்டேன். மூலைகளில் வெளிச்சம் கசிவதும் இந்த இறுக்கத்தால் கூடுதலாகத் தெரியும். இரவுக் காட்சிகளில் கருப்பு கருப்பாக இராது.

விரிசல் விட்ட தொலைக்காட்சியின் “கண்ணாடியை மட்டும்” மாற்றித் தருவதாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள். செல்போனில் மேல் கண்ணாடி தனியாக இருப்பதால் அங்கே அது நடக்கும். தொலைக்காட்சியில் அந்தக் கண்ணாடியே டிஸ்ப்ளே. மொத்த விலையில் பெரும்பங்கு பேனலுக்கு உரியது. அடிபட்டு உடைந்ததற்கு வாரண்டியும் பொருந்தாது.

பழைய ஸ்மார்ட் தொலைக்காட்சியில் இன்னொரு சிக்கல் மென்பொருள். படம் நன்றாக இருந்தாலும், உள்ளிருக்கும் செயலிகள் காலப்போக்கில் புதுப்பிப்புப் பெறாமல் நின்றுவிடும். நீங்கள் விரும்பும் செயலி ஒரு நாள் திறக்காமலே போகலாம். எச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை வாங்கினால் இது தீரும். ஆனால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். அதேபோல, 4கே திரை என்பது 3840-க்கு 2160 புள்ளிகள். உங்கள் வீட்டு செட்டாப் பாக்ஸ் சாதாரணத் தரச் சேனல்களை மட்டும் தருவதாக இருந்தால், அந்தப் படம் பெரிய திரையில் மங்கலாகத்தான் விரியும். தொலைக்காட்சியைக் குறை சொல்லி எங்களிடம் எடுத்து வருகிறார்கள். குறை இணைப்பில் இருக்கிறது.

இவ்வளவு சொல்லியும் வளைந்த திரைதான் வேண்டும் என்றால், வாங்கும் இடத்தில் இவற்றையாவது செய்யுங்கள். விற்பவர் வீட்டிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒரே நிறம் நிரம்பிய படங்களைப் பென்டிரைவில் கொண்டுபோய்ப் போடுங்கள். கோடு, புள்ளி, கறை எல்லாம் அப்போது தெரியும். விளக்கை அணைத்துவிட்டுக் கருப்புத் திரையின் மூலைகளைப் பாருங்கள். எல்லா எச்.டி.எம்.ஐ. துளைகளையும் வைஃபையையும் சோதியுங்கள். உயர்விலை மாடல்கள் சிலவற்றில் இணைப்புத் துளைகள் எல்லாம் தனிப் பெட்டி ஒன்றில் இருக்கும்; அந்தப் பெட்டியும் அதன் வயரும் இல்லாமல் திரையை மட்டும் தூக்கி வந்தால் அதை இயக்க முடியாது. பின்புற மாடல் எண்ணைப் படமெடுத்து, பணம் கொடுப்பதற்கு முன் ஏதேனும் ஒரு மெக்கானிக்குக்கு அனுப்பிக் கேளுங்கள். உதிரிபாகம் கிடைக்குமா என்று கேட்பதற்கு யாரும் காசு வாங்குவதில்லை.

கொண்டுவரும்போது நிமிர்த்தியே கொண்டுவாருங்கள். படுக்கவைக்காதீர்கள், அதுவும் மெத்தைமேல் கண்டிப்பாக வேண்டாம். மெத்தை மென்மையானது என்றாலும், வளைந்த கண்ணாடியின் ஓரங்கள் தாங்கிக்கொள்ள, நடுப்பகுதி பள்ளம் ஒவ்வொன்றிலும் குலுங்கி அழுத்தம் வாங்குகிறது. இருவர் சேர்ந்து, இரு பக்கச் சட்டத்தையும் கீழ்ப்புறமாகப் பிடித்துத் தூக்குங்கள். திரையின் மேல் விரல் படக் கூடாது.

சுவரில் மாட்டுவதானால், அந்த மாடலுக்குரிய இடைக்கட்டைகளோடு மாட்டுங்கள். இதன் முதுகும் வளைந்தது என்பதை மறந்து, தட்டைத் திரைக்கான ஸ்டாண்டில் வைத்து இறுக்கினாலோ, நீளமான போல்ட்டை உள்ளே செலுத்தினாலோ பேனல் பின்னாலிருந்து அடிபடும்.

புதிதாக வாங்குபவர்களுக்கு என் கருத்து தெளிவானது: அதே பணத்துக்குத் தட்டையான 4கே திரை ஒன்றை, முடிந்தால் பக்கவாட்டிலும் நிறம் மாறாத ‘ஐ.பி.எஸ்.’ வகைப் பேனலோடு, நம் ஊரிலேயே சர்வீஸ் உள்ள நிறுவனத்தில், பில்லோடு வாங்குங்கள். ஏழெட்டு அடி தொலைவுக்கு 55 அங்குலம் போதும். சீர்வரிசைக்கு என்றால் இன்னும் கவனம் வேண்டும். புகுந்த வீட்டில் போய் அது பழுதானால் அந்தப் பெண் கேட்க வேண்டியிருக்கும் பேச்சை நினைத்துப் பாருங்கள் அம்மா, தயவுசெய்து.

ஏற்கெனவே வீட்டில் வளைந்த திரை நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அதை மாற்ற வேண்டிய அவசியமில்லை. உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால், அழுத்தாமல் துடையுங்கள். கிளீனர் திரவத்தைத் திரைமேல் நேரடியாகத் தெளித்தால், அது வழிந்து கீழ் விளிம்பிலுள்ள மெல்லிய இணைப்புகளில் இறங்கி, நெடுக்குக் கோடுகளை உண்டாக்கும். மின்கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் அளவுக்கு வரக்கூடும் என்பதால், மின்னழுத்தம் கூடினால் தானே துண்டிக்கும் வசதியுள்ள ஸ்டெபிலைசர் போடுங்கள். கோடை மழையில் இடி முழங்கத் தொடங்குவதற்கு முன்பே சுவிட்சை அணைப்பதோடு நிறுத்தாமல், பிளக்கையும், டிஷ் அல்லது கேபிள் வயரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள். போர்டு எரிந்து வருபவற்றில் பல, பிளக்கை எடுத்துவிட்டு அந்த வயரை மட்டும் விட்டவை.