ஆசிட் ஊற்றினால் வோல்ட் ஏறும், வண்டி எடுக்காது

தை மாதம், அறுவடை மும்முரம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் டிராக்டர் பேட்டரியை மன்னார்குடியில் உள்ள எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார்.

“கிராவிட்டி தண்ணி மாதிரி இறங்கிட்டு தம்பி. ஆசிட் வாங்கி நானே ஊத்திட்டேன். வோல்ட் நல்லாக் காட்டுது, வண்டிதான் எடுக்க மாட்டேங்குது.”

மல்டிமீட்டர் 12.5 காட்டியது. கிராவிட்டியை, அதாவது ஆசிட் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பதைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சினால் மிதவை 1.250-இல் நின்றது. இரண்டுமே நல்ல பேட்டரியின் எண்கள். நிறைய கரண்ட் இழுத்துப் பார்க்கும் லோடு டெஸ்டரை வைத்ததும் முள் 7-க்குக் கீழே விழுந்தது.

பேட்டரி என்பது பல செல்கள் சேர்ந்தது. ஒரு செல்லின் வோல்ட்டைத் தீர்மானிப்பதில் பிளேட்டின் உலோகத்தோடு அதைச் சுற்றியுள்ள கரைசலில் எத்தனை அயனிகள் (மின்னேற்றம் கொண்ட துகள்கள்) இருக்கின்றன என்பதும் சேரும். ஜெர்மன் வேதியியலாளர் வால்டர் நெர்ன்ஸ்ட் 1889-இல் சொன்ன கணக்கு இது. பிளஸ் டூ பிள்ளைகள் படிக்கும் துத்தநாக-தாமிர செல்லில் இரண்டு கரைசலும் 1 மோலார் (செறிவின் அளவு) இருந்தால் 1.10 வோல்ட். தாமிர சல்பேட்டை மட்டும் பத்து மடங்கு நீர்க்கவிட்டால் 0.03 வோல்ட்தான் குறையும். செறிவு எவ்வளவோ மாறினாலும் வோல்ட் கொஞ்சம்தான் அசையும்.

நம் லெட் ஆசிட் பேட்டரியிலும் அதே கதைதான். ஓய்வில் இருக்கும் செல்லுக்கு, கிராவிட்டியோடு 0.84 கூட்டினால் ஏறக்குறைய வோல்ட் வந்துவிடும். 1.250 என்றால் 2.09. ஆறு செல்லுக்கு 12.5. மின்சாரம் எடுக்க எடுக்க ஆசிட்டில் உள்ள சல்பேட் பிளேட்டுக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது, மிஞ்சுவது தண்ணீர். கிராவிட்டி 1.150-க்கு வந்தால் 11.9. சார்ஜ் போட்டால் அந்த சல்பேட் திரும்ப ஆசிட்டாக வெளியே வரும். ஆசிட் எங்கேயும் காணாமல் போகவில்லை, பிளேட்டில்தான் இருக்கிறது.

பெரியவர் செய்தது என்ன? வெளியிலிருந்து அயனிகளை ஊற்றினார், வோல்ட் ஏறியது. பிளேட் மட்டும் சார்ஜ் இல்லாமலே கிடந்தது. மெதுவாக முழு சார்ஜ் ஏற்றியபோது பழைய சல்பேட்டும் வெளியே வந்து கிராவிட்டி 1.350-ஐத் தாண்டிவிட்டது. டிராக்டர் பேட்டரிக்கு 1.280 போதும். இவ்வளவு காரமான ஆசிட் பிளேட்டை அரித்துவிடும். கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, டிஸ்டில்டு வாட்டர் விட்டு, மறுபடி சார்ஜ் போட்டு இறக்க ஒரு நாள் முழுக்கப் போயிற்று.

2018 கஜா புயலுக்குப் பிறகு இதே தவறை வீட்டு இன்வெர்ட்டர்களில் நிறையப் பார்த்தேன். கரண்ட் இல்லாமல் வாரக்கணக்கில் காலியாகக் கிடந்த பேட்டரிகள். அவற்றுக்குத் தேவைப்பட்டது சார்ஜ், கிடைத்தது ஆசிட்.

மட்டம் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் விடுங்கள், அதுவும் சார்ஜ் ஆன பிறகு. விட்ட உடனே கிராவிட்டி பார்க்காதீர்கள், தண்ணீர் மேலேயே நிற்கும். வேதாரண்யம், நாகை பக்கம் போர் தண்ணீரை விடுபவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீரின் உப்பில் உள்ள குளோரைடு பிளேட்டைக் கெடுக்கும். தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம், பெரியவரின் டிராக்டரைப் போய்ப் பார்த்தேன். டைனமோ பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜே ஏறவில்லை. ஸ்பேனரை வைத்து இறுக்க ஐந்து நிமிடம் ஆனது.