தலைக்கட்டு வரியில் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு

அந்த அம்மாவின் காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி செருகியிருந்தார். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மகன் வழக்குக்கு ஆன செலவை விரல்விட்டு எண்ணினார். அடிபட்ட பையனின் வைத்தியச் செலவு, வக்கீல், ஆட்டோ, மீன் விற்கப் போகாமல் அலைந்த நாட்களின் நஷ்டம். தோடு முதல் வாரத்திலேயே அடகுக் கடைக்குப் போய்விட்டது. மகனுக்கு 16 வயது. மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில், மேளத்துக்கு ஆடிய கூட்டத்தில் எவனோ அவன் காலை மிதித்தான். அன்றே முடிந்திருக்க வேண்டிய விஷயம். மறுநாள் கைப்பேசியில் ஒரு படமும் நாலு வார்த்தையும் வந்தன. மூன்றாம் நாள் இன்னொரு ஊர்ப் பையனின் தலையில் ஏழு தையல்.

சட்டத்தின் முன் நிற்கும் சிறாரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதனால் ஊர்ப் பெயரைத் தவிர்த்து, சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

நான் சமூகப் பணியாளர். வழக்கில் சிக்கிய பிள்ளைகளோடும் அவர்கள் வீட்டாரோடும் பேசுவது பல வருடங்களாக என் வேலை. இத்தனை காலத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று, சண்டை வரப்போவது தெருவுக்கு முன்பே தெரியும் என்பது. டீக்கடைக்காரருக்குத் தெரியும், குழாயடியில் நிற்கும் பெண்களுக்குத் தெரியும். கடலோர ஊர்களில் அதற்கென்று ஒரு பருவமே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். பள்ளி விடுமுறையும் அதே நாட்களில் வருகிறது. கடலுக்குப் போகும் அண்ணனும் படிக்கும் தம்பியும் ஒரே நேரத்தில் வேலையற்று இருப்பார்கள். முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி எல்லை, மதுவுக்கு விலை குறைவு. மாலை ஆறு மணிக்கு மேல் இந்தப் பையன்களுக்காகத் திறந்திருக்கும் இடம் ஒன்றாவது ஊரில் இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் பதில் வராது.

பணம் இல்லையே என்பார்கள். நம் மீனவ ஊர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. கல்யாணமான ஆண் ஒருவருக்கு ஒரு தலைக்கட்டு என்று கணக்கிட்டு, திருவிழாவுக்கும் பொதுக் காரியத்துக்கும் வரி வசூலிக்கிற வழக்கம் நமக்கு நெடுங்காலமாக உண்டு. 2004 சுனாமியின்போது வந்த நிவாரணத்தைத் தலைக்கட்டு வாரியாகப் பங்கிட்டுக் கொடுத்தவையும் இந்த ஊர்ப் பஞ்சாயத்துகள்தான். சண்டை நடந்த பிறகு அபராதம், சமரசம், வக்கீல் என்று பொதுப்பணம் வெளியே போகிறது. அதில் ஒரு சிறு பங்கைச் சண்டைக்கு முன்பே எடுத்து வையுங்கள் என்றுதான் நான் ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன்.

ஓர் ஊர் சம்மதித்தது. முதல் கூட்டத்தில் பெரியவர்கள் கண்காணிப்பு கேமரா வேண்டும் என்றார்கள். பெண்கள் கூட்டத்துக்கே வரவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காரும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. மகன் வழக்குக்குத் தோட்டை அடகு வைப்பவள் தாய், பொதுப்பணத்தைப் பற்றிப் பேச மட்டும் அவளுக்கு இடமில்லையா என்று நான் சற்றுக் கோபமாகவே கேட்டேன். அடுத்த கூட்டம் கோயில் மண்டபத்தில் பெண்களோடு நடந்தது. அவர்கள் கேட்டது பஸ் நிறுத்தத்துக்கும் படகுத்துறைக்கும் நடுவில் உள்ள இருட்டான இடத்துக்கு விளக்கு. கடைசியாகப் பையன்களைக் கேட்டோம். வெகுநேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவன், ஐ.டி.ஐ. சேர்க்கைக்கு விண்ணப்பம் போட யாராவது கூட வருவார்களா என்றான். அதுவரை அந்த மண்டபத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறார் வன்முறையைக் குறைக்க 2019இல் இருபது கோடி பவுண்டில், பத்து ஆண்டுகளுக்கென்று ஒரு நிதியம் தொடங்கினார்கள். சில குடியிருப்புகளில் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்பதை அங்கே வாழ்பவர்களே முடிவு செய்யும் முறையையும் அது முயன்று பார்த்தது. அந்தத் தொகை நமக்குக் கனவு. ஆனால் முடிவெடுக்கும் உரிமையைத் தெருவிடம் கொடுக்க அவ்வளவு பணம் தேவையில்லை.

செலவில் பெரும்பங்கு ஓர் ஆளுக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. கட்டடத்துக்குப் பணம் கிடைத்துவிடும். தமிழ்நாட்டு அரசின் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டினால், விளையாட்டுத் திடல், நூலகம் போன்றவற்றுக்கு மீதியை அரசு தருகிறது. மார்ச் 22 கிராம சபையிலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தால் தடைக்காலத்துக்கு முன்பே பேச்சு தொடங்கிவிடும். புதுச்சேரியில் நிலைமை வேறு. அங்கே உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். கேட்பதற்கு வார்டு உறுப்பினர் இல்லாததால் தெருச் சங்கங்களே முன்னெடுக்க வேண்டியிருக்கிறது. எங்கே கட்டினாலும், கட்டிய இடத்தைத் தினமும் மாலையில் திறந்து, யார் வரவில்லை என்று தேடிப் போகும் மனிதர் இல்லையென்றால் ஆறு மாதத்தில் பூட்டுத் துருப்பிடித்துவிடும்.

அந்த ஊர் தேர்ந்தெடுத்தவர் நாற்பது வயது வலை பின்னுபவர். இருபது வயதில் அடிதடி வழக்கில் மூன்று ஆண்டு கோர்ட்டுக்கு அலைந்தவர். புருவத்தில் இன்னும் வெட்டுத் தழும்பு இருக்கிறது. பெரியவர்கள் தயங்கினார்கள். நான் அவருக்காகப் பேசினேன். காசநோய், காலரா ஒழிப்பில் பணியாற்றிய மருத்துவர் கேரி ஸ்லட்கின் 2000இல் சிகாகோவில் தொடங்கிய முயற்சியில், சண்டையை இடைமறிக்கப் போனவர்களும் அதே தெருக்களில் அடிபட்டு மீண்டவர்கள்தான். வன்முறை தொற்றுநோயைப் போல ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது என்பது அவர் வாதம். நம் வலைக்காரர் அதை வேறு விதமாகச் சொன்னார்: "அடி வாங்கியவன் வீட்டுக்கு அன்று இரவே போய்விட வேண்டும். விடிந்தால் நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள்."

மூன்று விஷயங்களில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கட்சிக்காரர், தேர்தலில் நிற்க நினைப்பவர் தரும் பணம் வேண்டாம். சட்டையில் படம் அச்சடித்துக்கொண்டு வருவார்கள், பிள்ளைகள் அவர்களுடைய ஆட்களாகிவிடுவார்கள். நிதிக்குழுவில் எதிர்த்தெருவுக்கும் பக்கத்துக் காலனிக்கும் சம இடம் வேண்டும். ஒரு தரப்பு மட்டும் சேர்த்த பணம் அடுத்த சண்டையின் வழக்குச் செலவாக மாற வெகுநாள் ஆகாது. பெண்பிள்ளைகள் மீதான குற்றத்தையும் சாதியின் பெயரால் நடந்த தாக்குதலையும் ஊர்ப்பணம் கொடுத்து மூடி மறைக்கவே கூடாது. அவை காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போக வேண்டியவை.

பெற்றோருக்கு ஒன்று. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை லாக்கப்பில் வைக்கவோ கைவிலங்கு போடவோ கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். 18 முடிந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு இல்லை. காவலர் தேர்விலும் பாஸ்போர்ட்டிலும் பழைய வழக்கு குறுக்கே வந்து நிற்கும். அதைச் சொல்லிக்கொண்டு என்னிடம் வரும் 22 வயது இளைஞர்களுக்குப் பதில் சொல்வதுதான் இந்த வேலையில் எனக்கு மிகக் கடினமானது.

போன மாதம் அந்த ஊரின் கணக்கு நோட்டைப் பார்த்தேன். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. விளக்கு இரண்டு, வாலிபால் வலை ஒன்று, விண்ணப்பக் கட்டணம் நாலு பேருக்கு, வலைக்காரரின் மாதப்பணம், டீ. பக்கத்தைக் கிழித்துவிட முடியாதபடி ஒவ்வொன்றிலும் எண் போட்டிருந்தார்கள். கணக்கை எழுதுவது அந்த அம்மாதான். காதில் இன்னும் ஈர்க்குச்சி இருந்தது.