தாடைத் திருத்த அறுவைச் சிகிச்சையும் காப்பீட்டு அட்டையும்: குமரி மாவட்டத்தார் கிளிப் போடும் முன்பே கேட்டறிய வேண்டியவை

மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் இடையிலான பொருத்தமின்மையை, எலும்பை வெட்டி நகர்த்திச் சரிசெய்யும் அறுவைச் சிகிச்சைக்கு ஒருவர் ஆயத்தமாவது, மருத்துவமனையில் சேரும் நாளில் தொடங்குவதில்லை. பெரும்பாலானோருக்கு அது ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ முன்னதாக, பல்லுக்குக் கிளிப் போடும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை நம்பி இச்சிகிச்சைக்குச் செல்ல நினைக்கும் குடும்பங்கள், அட்டை குறித்த கேள்விகளையும் அந்த நாளுக்கு முன்பே கேட்டு முடித்துவிட வேண்டும்.

இதை வலியுறுத்துவதற்கு ஒரு மருத்துவக் காரணம் உண்டு. தாடை முன்தள்ளியோ உள்வாங்கியோ இருப்பவர்களின் பற்கள், அக்குறையை ஓரளவு ஈடுகட்டும் வகையில் தாமாகவே சாய்ந்து வளர்ந்திருக்கும். அறுவைக்கு முன் கிளிப் போட்டுச் செய்யும் பல் சீரமைப்பு அந்தச் சாய்வை நீக்கி, பற்களை அந்தந்தத் தாடை எலும்பின் மேல் நேராக நிறுத்துகிறது. இதனால் இடைக்காலத்தில் கடி, அதாவது மேல் பற்களும் கீழ்ப் பற்களும் சேரும் விதம், முன்பைவிட மோசமாகும். முகத்தின் குறையும் கூடுதலாகத் தெரியும். அறுவை நடந்துவிட்டால் இது சரியாகிவிடும். ஆனால் அந்தக் கட்டத்தில் பணத்துக்கு வழியில்லாமல் சிகிச்சை நின்றுபோனால், நோயாளி தொடங்கியதைவிடப் பின்தங்கிய நிலையில் சிக்கிக்கொள்கிறார்.

திட்டத்தின் அடிப்படை எளிமையானது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் இதில் சேரலாம். 2022 வரை இந்த வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது. 2018 முதல் மத்திய அரசின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்துடன் இணைந்து செயல்படும் இத்திட்டத்தில், ஒரு குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். வருமானச் சான்றை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்துப் பெற்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் நாகர்கோவிலில் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள திட்ட மையத்தில் பதிவு செய்ய வேண்டும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பிரதமர் திட்டம் செலவை ஏற்காத சிகிச்சைகளின் பட்டியலில், திருத்தம் அல்லது அழகு நோக்கில் செய்யப்படும் பல் சிகிச்சையும் அறுவையும் சேர்க்கப்பட்டுள்ளன. நோயினாலோ காயத்தினாலோ ஏற்பட்டு, மருத்துவமனையில் தங்கிப் பெற வேண்டிய பல் சிகிச்சைக்கு அந்த விலக்கு பொருந்தாது. தாடைத் திருத்த அறுவை இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. ஒரே அறுவையை ஒருவர் முகம் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகவும், இன்னொருவர் உணவை மெல்ல முடியவில்லை என்பதற்காகவும் செய்துகொள்ளலாம். திட்டத்தின் கீழ் அறுவைக்கு அனுமதி வழங்கும் அலுவலர் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை, கோப்பைத்தான் பார்க்கிறார். எனவே மருத்துவக் குறிப்பில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

மெல்லுவதில் சிரமம், முன்பற்கள் ஒன்றையொன்று தொடாத நிலை, பேச்சுத் தெளிவின்மை, உறக்கத்தில் மூச்சுத் தடை, தாடை மூட்டு இறுகி வாய் திறக்க முடியாமை, விபத்தில் முறிந்த தாடை தவறாக ஒட்டிக்கொண்டமை, பிறவியிலேயே இருந்த உதடு அல்லது அண்ணப் பிளவின் பின்விளைவு ஆகியவற்றுள் எது இருந்தாலும், அது முதல் வருகையிலிருந்தே நோயாளிக் குறிப்பில் இடம்பெறச் செய்ய வேண்டும். உறக்கத்தில் மூச்சுத் தடை இருப்பதாகச் சொல்பவர் உறக்கப் பரிசோதனை அறிக்கையையும், விபத்துக்குள்ளானவர் அப்போதைய சிகிச்சைச் சீட்டையும் இணைப்பது நல்லது. இல்லாத தொல்லையை எழுதச் சொல்வது மோசடி. இருக்கும் தொல்லையைச் சொல்ல வெட்கப்பட்டு, ‘பல் எடுப்பாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிடுவது பலரும் செய்வது. பிளவுடன் பிறந்து இன்னும் 18 வயது நிறைவடையாத பிள்ளைகளுக்கு, 2013 முதல் நடைமுறையில் உள்ள தேசியச் சிறார் நலத் திட்டம் தனி வழியாக இருப்பதால், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் கேட்கலாம்.

இந்த அறுவைக்கு வருவோர் பெரும்பாலும் தாடை வளர்ச்சி அப்போதுதான் நின்ற இளைஞர்கள் என்பதால், குடும்பம் என்பதற்குத் திட்டம் தரும் வரையறை இவர்களை நேராகத் தொடுகிறது. பிள்ளைகள் வேலைக்குச் செல்லும் வரை, திருமணமாகும் வரை, 25 வயது நிறைவடையும் வரை என இம்மூன்றில் எது முந்துகிறதோ அதுவரை பெற்றோரைச் சார்ந்தவர்களாகக் கொள்ளப்படுகின்றனர். கிளிப் போட்டிருக்கும் ஒன்றரை ஆண்டில் இம்மூன்றும் நிகழக்கூடியவையே. திருமணமான பெண்ணின் பெயர் பெற்றோரின் குடும்ப அட்டையிலிருந்து நீக்கப்பட்டு, கணவர் வீட்டு அட்டையில் இன்னும் சேராத இடைவெளியில் அறுவை நாள் வந்துவிடுவது நடக்கக்கூடியது. ஆதாரில் ஞானஸ்நானப் பெயரும் குடும்ப அட்டையில் வீட்டில் அழைக்கும் பெயரும் இருப்பது, அல்லது தலைப்பெழுத்து மாறியிருப்பது, நம் மாவட்டத்தில் புதிதல்ல. இவற்றை அறுவைக்குப் பல மாதங்களுக்கு முன்பே வட்ட வழங்கல் அலுவலகத்திலும் ஆதார் மையத்திலும் ஒழுங்குபடுத்திவிட வேண்டும்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது, அது திட்டத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேட்பது போதாது. வாய் மற்றும் முக அறுவைப் பிரிவுக்கு அங்கீகாரம் பெற்றுள்ளதா, தமக்குச் செய்யவிருக்கும் அறுவை சிகிச்சைப் பட்டியலில் எந்தக் குறியீட்டில் வருகிறது என்ற இரண்டையும் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் எழுதிப் பெற வேண்டும். சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டவை. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவில் முதலில் காட்டிப் பரிந்துரைச் சீட்டுப் பெறுவது செலவில்லாத தொடக்கம். குலசேகரத்தில் உள்ளது போன்ற பல் மருத்துவக் கல்லூரிகளில் பல் சீரமைப்புத் துறையும் அறுவைத் துறையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், இரு துறை மருத்துவர்களும் சேர்ந்து திட்டமிடுவது எளிது. திருவனந்தபுரம் பக்கம் என்பதால் அங்கே செல்வது நம்மவர்களுக்கு வழக்கம். ஆனால் மாநில எல்லையைக் கடந்தால் அட்டையும் தானாகவே செல்லுபடியாகும் என்று எண்ணிவிடக் கூடாது.

அட்டை இருந்தாலும் சில செலவுகள் கையிலிருந்தே போகும். புறநோயாளியாகச் செய்யப்படும் கிளிப் செலவும், அதை மாதந்தோறும் சரிபார்க்கும் செலவும் அவற்றுள் பெரியவை. கீழ் ஞானப்பற்கள் எலும்புக்குள் புதைந்திருந்தால் அவற்றை ஏறத்தாழ ஆறு மாதம் முன்பே எடுத்துவிடச் சொல்வது வழக்கம். அறுவைக்குப் பிறகு சுமார் ஆறு வாரங்களுக்கு மெல்லாமல் விழுங்கும் உணவே என்பதால், கஞ்சி, பால், வடிகட்டிய மீன் சாறு, மசித்த ஏத்தன்பழம் ஆகியவற்றுக்கு வீட்டில் ஏற்பாடு வேண்டும். கீழுதட்டில் சில மாதங்கள் மரத்த உணர்வு இருக்கலாம், சிலருக்கு அது நிலைத்தும்விடலாம் என்பதை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். புகைப்பவர்கள் சில வாரங்கள் முன்னதாகவே நிறுத்திவிட வேண்டும்.

வருமான வரம்பைத் தாண்டியதால் தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கும் இதே கேள்விதான் வேறு வடிவில் வரும். அழகு அறுவைக்குக் காப்பீடு பொருந்தாது என்ற பொது விதியில், விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்பும், உடல்நலத்துக்கு நேரடியான உடனடி ஆபத்தை நீக்குவதற்கு மருத்துவத் தேவையெனச் சிகிச்சையளிக்கும் மருத்துவர் சான்றளிக்கும் அறுவையும் விலக்கப்படவில்லை. ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 36 மாதங்கள். கிளிப் போட்ட பிறகு அவசரமாகப் பாலிசி எடுப்பது பெரும்பாலும் பயன்படாது.

முதலமைச்சர் திட்டத்தில் அனுமதி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று, 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் பதிவு செய்துவிட்டு, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்பு மற்றும் குறைதீர்ப்புக் குழுவுக்கு மனு அளிக்கலாம். திங்கட்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர் நாள் கூட்டத்திலும் அதைக் கொடுக்கலாம். தனியார் நிறுவனம் மறுத்தால் முதலில் அந்நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட வேண்டும். அது நிராகரித்தாலோ ஒரு மாதத்துக்குள் பதிலளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.