லீவரை எப்போது தளர்த்துவது?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் வாசகர் எழுதியிருக்கிறார்: "அண்ணே, கையால் அழுத்தும் லீவர் எஸ்பிரெஸ்ஸோ மெஷின் ஒன்று வாங்கினேன். முதல் பாதி கெட்டியாக, நல்ல நிறத்தில் இறங்குகிறது. அப்புறம் திடீரென்று லீவர் லேசாகிவிடுகிறது, வெளுத்த தண்ணீர் கொட்டுகிறது. அழுத்தம் காட்டும் முள் ஒன்பதிலேயே நிற்க வேண்டும் என்று வீடியோவில் சொல்கிறார்கள், அதனால் இன்னும் பலமாக அழுத்துகிறேன். குடித்தால் புளிப்பும் கசப்பும் சேர்ந்தே வருகின்றன. கோப்பித்தியாம் (நம் ஊர்க் காப்பிக்கடை) கொட்டையை இதில் போடலாமா என்றும் சொல்லுங்கள்."

கொட்டை விஷயம் கடைசியில். முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது: லீவர் லேசானதும் கையைத் தளர்த்துங்கள் தம்பி. வீடியோ சொன்னதை விடுங்கள். ஏன் தளர்த்த வேண்டும் என்பதில்தான் அழகான இயற்பியல் ஒன்று இருக்கிறது.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நைசாக அரைத்த 18 கிராம் தூளை வட்ட வில்லையாக அமுக்குகிறோம். 90 முதல் 96 டிகிரி வெந்நீரை 9 பார் அழுத்தத்தில் அதன் வழியே தள்ளுகிறோம். அரை நிமிடத்துக்குள் 36 கிராம் பானம் இறங்கினால் சரி. நம் தலைமேல் இருக்கும் காற்றின் அழுத்தம் 1 பார், அதை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். 58 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு 26.4 சதுர சென்டிமீட்டர். அதில் 9 பார் வேண்டுமென்றால் ஏறத்தாழ 240 கிலோ எடையை ஏற்றி வைக்க வேண்டும். கைப்பிடிப் பக்கம் பிஸ்டன் பக்கத்தைவிட எட்டு மடங்கு நீளம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் கை தர வேண்டியது 30 கிலோ. பிஸ்டன் விட்டம் 40 மில்லிமீட்டர்தான் என்றால் 15 கிலோவுக்கும் குறைவு. பல சிறிய கை மெஷின்கள் ஒல்லியாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தண்ணீர் தூள் வழியே எவ்வளவு வேகமாகப் போகும் என்பதற்கு ஒரு விதி உண்டு. பிரான்சில் திஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஆன்ரி டார்சி, மணல் நிரப்பிய குழாய்களில் தண்ணீர் விட்டு அளந்து 1856இல் அதை வெளியிட்டார். அழுத்தம் கூடினால் ஓட்டம் கூடும். துகள்களுக்கு நடுவே இடைவெளி குறைந்தால் ஓட்டம் குறையும். திரவம் தடித்திருந்தாலும் குறையும். மணலில் கதை அதோடு முடிந்தது, ஏனென்றால் மணல் தண்ணீரில் கரையாது.

காப்பி கரைகிறது. நல்ல ஷாட்டில், அதாவது ஒருமுறை இறக்கும் எஸ்பிரெஸ்ஸோவில், தூளின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கோப்பைக்குப் போய்விடும். 18 கிராமில் மூன்றரை கிராமுக்கு மேல் காணாமல் போகிறது, அதிலும் பெரும்பகுதி முதல் பாதியிலேயே. ஆக, வில்லைக்குள் தண்ணீருக்கு வழி கூடிக்கொண்டே வருகிறது. அதே சமயம், தொடக்கத்தில் துளைகளுக்குள் ஊர்ந்த திரவம் கரைபொருள் நிறைந்த கெட்டிச் சாறு. பத்துப் பதினைந்து நொடி கழித்து அங்கே ஓடுவது கிட்டத்தட்ட வெறும் வெந்நீர். எதிர்ப்பு இரண்டு பக்கமும் சரிகிறது. இந்த நேரத்தில் 9 பாரை அப்படியே பிடித்தால் ஓட்டம் தறிகெட்டுப் போகத்தானே செய்யும்!

இனி எனக்குப் பிடித்த இடம். நேரடி லீவரில் கைக்கும் தண்ணீருக்கும் நடுவே பம்பும் இல்லை, மோட்டாரும் இல்லை. கை உணரும் கனம்தான் அழுத்தம். கை இறங்கும் வேகம்தான் ஓட்டம். டார்சி விதியின் இரண்டு பக்கமும் ஒரே உள்ளங்கையில் இருக்கின்றன. நொடிக்கு ஒன்றரை மில்லிலிட்டர் இறங்கினால் மேலே சொன்ன 58 மில்லிமீட்டர் பிஸ்டன் அரை மில்லிமீட்டரை விடச் சற்றுக் கூடுதலாக நகரும். எட்டு மடங்கு என்ற கணக்கில் உங்கள் கை நாலரை மில்லிமீட்டர் நகரும். அது இரட்டிப்பானால் கோப்பையைப் பார்க்காமலே தோள் சொல்லிவிடும். முள் ஒன்பதில் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் இந்தத் தகவலைக் கேட்காமல் காதைப் பொத்திக்கொள்கிறார். முள்ளை மறந்துவிட்டு கை ஒரே வேகத்தில் இறங்குகிறதா என்று மட்டும் கவனித்தால், 9 பாரில் தொடங்கிய அழுத்தம் தானாகவே 8, 7 என்று சரிந்து முடிவில் 5 பக்கம் வந்து நிற்கும்.

இதை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. மிலான் நகரத்து அக்கில்லே காஜ்ஜியாவின் காலம்வரை காப்பி மெஷின்கள் நீராவியின் தயவில் ஒன்றரை, இரண்டு பாரில் ஓடின. 1947இல் அவர் காப்புரிமை எடுத்த மெஷினில் லீவரை இழுத்தால் உள்ளே ஒரு ஸ்பிரிங் அழுந்தும், விட்டால் அது விரிந்து பிஸ்டனைத் தள்ளும். ஸ்பிரிங் விரிய விரிய விசை குறையும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த ஹூக் விதி. அழுத்தம் உச்சியில் தொடங்கி ஒரே சீராக இறங்கிவிடும். வில்லை பலவீனமாகிற நேரமும் ஸ்பிரிங் களைக்கிற நேரமும் ஒன்றாக அமைந்தது அதிர்ஷ்டம். 1961இல் ஃபாயிமா ஈ61 என்ற மெஷின் மின்பம்போடு வந்து மாறாத 9 பாரைப் பழக்கப்படுத்தியது. இன்று கணினி வைத்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மெஷின்களைப் பெரிய விலைக்கு விற்கிறார்கள். அவற்றில் தவறாமல் இருக்கும் ஒரு தேர்வு, பழைய ஸ்பிரிங் லீவரைப் போலவே இறங்கும் அழுத்தம்!

சரி, இன்னும் நைசாக அரைத்தால் ஓட்டம் அடங்காதா? பலரும் முதலில் போகிற வழி இது. துகளின் அளவைப் பாதியாக்கினால் எதிர்ப்பு சுமார் நான்கு மடங்காகும், உண்மைதான். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் தண்ணீர் வில்லை முழுவதும் பரவாமல் எங்கோ ஓர் இளகிய இடத்தைத் தேடிப் பிடிக்கிறது. வயல் வரப்பில் நண்டு வளை வைத்த இடம் மாதிரிதான்: முதலில் கசிவு, கசிகிற தண்ணீரே ஓட்டையைப் பெரிதாக்கும், கொஞ்ச நேரத்தில் மடையே திறந்துவிடும். அந்தப் பாதையில் இருக்கும் தூள் அளவுக்கு மேல் கரைந்து கசப்பைத் தருகிறது. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் தூளில் முதலில் கரையும் புளிப்பு மட்டுமே வெளிவருகிறது. தம்பியின் நாக்கில் இரண்டும் சேர்ந்து வந்தது இதனால்தான். ஓரிகன் பல்கலைக்கழக வேதியியலாளர் கிறிஸ்டோபர் ஹெண்டனும் அவர் சகாக்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் காணலாம். நைசாக்க நைசாக்கச் சாறு கூடிக்கொண்டே போகும் என்றது கணித மாதிரி. சோதனையிலோ ஓர் அளவுக்குப் பிறகு அது குறைந்தது. தூளைக் குறைத்து, கொஞ்சம் கொரகொரப்பாக அரையுங்கள் என்பது அவர்கள் தந்த ஆலோசனை.

அதனால் அரைவையை ஒரு புள்ளி தளர்த்திவிட்டு, தூளைப் பாஸ்கெட்டில் (தூள் போடும் துளைக் கிண்ணம்) போட்டதும் மெல்லிய ஊசியால் கிளறிக் கட்டியை உடையுங்கள். மட்டமாக அமுக்குங்கள். தண்ணீர் ஊற்றிய பின் உடனே பாய வேண்டாம். இரண்டு மூன்று பாரில் மெதுவாகத் தொட்டுக்கொண்டு நில்லுங்கள். காய்ந்த துகள் நீர் குடித்து உப்ப வேண்டும், உள்ளே அடைபட்ட கரியமில வாயு கொஞ்சம் வெளியேற வேண்டும். கீழே துளி அரும்புவது தெரியும்: பெரும்பாலும் ஓரத்தில் முதலில் கருத்த மணிகள், அப்புறம் நடுவிலும், பிறகு எல்லாம் கூடி ஒரே இழையாகும். ஒரு பக்கம் மட்டும் சீறித் தெறித்தால் அங்கே மடை திறந்துவிட்டது என்று அர்த்தம். இழை கூடிய பிறகு ஒன்பதுக்கு ஏற்றுங்கள்.

சூட்டைப் பற்றி இரண்டு வரி. தண்ணீர் ஊற்றும் 300 கிராம் எஃகுக் கலத்தை நம் பினாங்கு வெக்கையில், 30 டிகிரியில் வைத்து 60 மில்லி கொதிநீர் ஊற்றினால், இரண்டும் ஏறத்தாழ 74 டிகிரியில் சமரசம் ஆகும். அதில் எஸ்பிரெஸ்ஸோ வராது, கலத்தை முன்பே கொதிநீரில் சூடாக்கியே ஆக வேண்டும். கேமரன் மலைக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், 1,400 மீட்டர் உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே 95 டிகிரிக்குப் பக்கத்தில்தான்.

காப்பி உலகத்திலும் மூடநம்பிக்கைக்குப் பஞ்சமில்லை. சரியாக 15 கிலோ அழுத்தித்தான் தூளை அமுக்க வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். துகள்கள் நெருங்கி நின்றுவிட்ட பிறகு கூடுதல் பலம் உங்கள் மணிக்கட்டுக்குத்தான் கேடு. மேலே மிதக்கும் கிரெமா தடிமனாக இருந்தால் காப்பி உயர்ந்தது என்பது இன்னொன்று. அழுத்தத்தில் கரைந்த கரியமில வாயு வெளியே வந்ததும் குமிழாகிறது, அவ்வளவுதான். மலிவான ரொபஸ்டா வகைக் கொட்டையில் அது தடிமனாகவே வரும். புதுக் கார் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதைக் கேலி செய்யும் நண்பர்களே கிரெமாவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது கோப்பித்தியாம் கொட்டை. வேண்டாம். அதைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கிறார்கள். கருகிய சீனிப் பூச்சு கிரைண்டர் பற்களில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். துணி வடிகட்டியில் கோப்பி-ஓ போட அது அருமையான கொட்டை, அங்கேயே இருக்கட்டும். எதுவும் சேர்க்காமல் வறுத்த ஜொகூர் லிபெரிக்கா வகைக் கொட்டை கிடைத்தால் தாராளமாக முயன்று பாருங்கள். நம் நாட்டில் விளையும் காப்பியில் பெரும்பகுதி அதுதான். ரப்பர் வருவதற்கு முன்பு, சிலாங்கூரில் நம் ஆட்கள் வேலை பார்த்த தோட்டங்களில் நின்றதும் அதுதான். ஆனால் ரப்பருக்கு ஒரு வாரியம், செம்பனைக்கு ஒரு வாரியம், கொக்கோவுக்கும் ஒரு வாரியம் வைத்து ஆராயும் நாட்டில் காப்பிக்கென்று ஒன்று இல்லை. மற்ற வாரியங்களின் ஆய்வுப் பணத்தில் ஒரு சிறு பங்கை லிபெரிக்காவின் வறுவலுக்கும் அரைவைக்கும் கொடுத்தால் குடிமுழுகிப் போகாது என்பது என் கட்சி. இந்தக் கொட்டைக்கு அரபிக்கா அளவுகளை அப்படியே போடாமல், அதே பையை முடிக்கும்வரை அரைவையை மட்டும் மாற்றி மாற்றி, கை எந்த இடத்தில் தளர்கிறது என்று குறித்து வையுங்கள்.